பட்டம் எடுத்த பிள்ளைக்கு வீட்டில் ஒரு விருந்து

முதல் விஷயம், பட்டமளிப்பு நாளில் வீட்டு விருந்தை வைக்காதீர்கள். வன்னியில் மல்லாவிப் பக்கம் இருக்கிற எங்களுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போவதென்றால் விடிய முதலே வான் புறப்பட வேண்டும். மாங்குளத்தில் ஏ9 வீதியில் ஏறி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் யாரும் நகர மாட்டார்கள். என் மகள் விவசாய பீடம். படித்ததெல்லாம் வழியில் வருகிற அறிவியல்நகரில், பட்டம் வாங்க மட்டும் யாழ்ப்பாணம். இருட்டித் திரும்பி வருகிறபோது சேலை கசங்கி, சின்னதுகள் நித்திரை தூங்கி, நூறு பேருக்குப் பரிமாற யாருக்கும் உயிர் இருக்காது. இரண்டு கிழமை, மூன்று கிழமை தள்ளி வையுங்கள். மண்டபத்துக்குள் எல்லாரையும் விட மாட்டார்கள், அதனால் யார் உள்ளே போவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வான் ஏறுங்கள். வாசலில் நின்று அம்மம்மாவா பெரியம்மாவா என்று இழுபடுவது நல்லாயிராது.

நாள் பார்க்கிறபோது பஞ்சாங்கத்தோடு வயலையும் பாருங்கள். மழைக்கால நெல்லான காலபோகத்தின் வெட்டு முடிந்த கையோடு, மாசி பங்குனியில், வீட்டில் நெல்லும் இருக்கும், சனத்துக்கு நேரமும் இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் பந்தல் போடுவது வீண் வேலை. போரில் இறந்தவர்களை நினைக்கிற மே 18 வருகிற கிழமையில் எங்கள் பக்கத்தில் யாரும் கொண்டாட்டம் வைப்பதில்லை, மாவீரர் நாள் வருகிற கார்த்திகைக் கடைசியும் அப்படித்தான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலோடு முட்டினால் அரைவாசிச் சனம் அங்கே நிற்கும். போயா என்கிற பௌர்ணமி நாளில் இறைச்சிக் கடை பூட்டு. வெள்ளிக்கிழமை என்றால் மரக்கறிதான். எல்லாம் கழித்தால் சனி, ஞாயிறு மத்தியானம் மிஞ்சும். இரவு விருந்து வேண்டாம். உள்ளூர் பஸ் நேரத்தோடு நின்றுவிடும், தூரத்துச் சனத்துக்குப் பிறகு நீங்கள்தான் பாய் விரிக்க வேண்டும்.

அழைக்கிறவர்களின் பட்டியலில்தான் மினக்கெட வேண்டும். ஒரு கொப்பி எடுத்து, சொந்தக்காரரை எழுத முதல், பிள்ளையைப் படிப்பித்தவர்களை எழுதுங்கள். 2009இல், போரால் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் வைத்து எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த ரீச்சர்மார் இன்னும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் இருந்தால் முதல் பெயர் அவருடையது. பிறகு உயர்தரப் பரீட்சைக்கு ரியூஷன் காசு பிந்தினாலும் வகுப்பால் எழுப்பாத சேர், மழைக்காலத்தில் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிப்போன அயல் வீட்டு அண்ணை, சீட்டுக்காசை முன்கூட்டித் தந்த அக்கா. இவர்களிடம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி அழைக்காதீர்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப் போதும்.

காசு. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், இதற்காக நகையை அடகு வைக்காதீர்கள், கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வந்து தவணை வாங்குகிற லோனையும் எடுக்காதீர்கள். எங்கள் பெண்கள் அந்த லோனால் பட்ட பாடு ஊருக்கே தெரியும். மண்டபம் தேவையில்லை, முற்றத்து மாமர நிழலும் ஒரு தகரப் பந்தலும் காணும். சந்தியில் பிள்ளையின் படம் போட்ட பெரிய பனர் கட்டுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு இன்னும் ஐந்தாறு கோழி வாங்கலாம்.

சமையலுக்கு ஒரு கிலோ அரிசி 8 பேருக்கு என்பார்கள். வயல் வேலை செய்கிற சனத்துக்கு 6 பேர் என்று கணக்கு வையுங்கள். நூறு பேருக்கு 16, 17 கிலோ அரிசி, கோழி 15 கிலோ, பருப்பு 3 கிலோ, தேங்காய் முப்பது. கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், அப்பளம், மோர்மிளகாய். சைவக்காரருக்கு அடுப்பும் அகப்பையும் புறம்பாக இருக்கட்டும், பக்கத்தில் வைத்துவிட்டுச் 'சைவம்தான்' என்று சத்தியம் பண்ணாதீர்கள். கிடாரம், தாச்சி போன்ற பெரிய பாத்திரம் எல்லாம் கோயிலில் அல்லது மாதர் சங்கத்தில் கேட்டால் கிடைக்கும். பாயசத்துக்குப் பதில் எருமைத் தயிரும் பனங்கட்டியும் வைத்துப் பாருங்கள், வன்னிச் சாப்பாட்டை மறந்திருந்த கொழும்புச் சொந்தக்காரர் இரண்டாம் தரம் கோப்பை நீட்டுவார்கள். ஆனி மாதம் என்றால் ஒரு சுளகில் பாலைப்பழம். கேக் சின்னதாகப் போதும். போத்தலுக்கு இடமில்லை என்பதை அழைக்கிறபோதே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள், வேலிக்குப் பின்னால் நடக்கிறதை அன்றைக்கு நின்று காவல் காக்க முடியாது.

நிகழ்ச்சி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். குத்துவிளக்கு, ஒரு தேவாரம் அல்லது செபம், இரண்டு பேர் பேச்சு, சாப்பாடு. பேசுகிறவர்களிடம் முன்பே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டாம். முன் வரிசையில் உயர்தரம் சரிவராத ஒரு மச்சானோ மச்சாளோ இருக்கும். ஒலிபெருக்கி கட்டினால் பொலிஸில் அனுமதி எடுக்க வேண்டும். அயலில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் கட்டவே வேண்டாம்.

“வேலை எடுத்திட்டியோ பிள்ளை?” என்று குறைந்தது பத்துப் பேர் கேட்பார்கள். அரசாங்கத்தின் பட்டதாரி நியமனத்துக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர்களும் கேட்பார்கள். பிள்ளையைத் தனியே மாட்ட விடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை என் தம்பியிடம் கொடுத்திருந்தோம். கேள்வி தொடங்கினால் “முதல் சாப்பிடுங்கோ அண்ணை” என்று கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப்போய்விடுவான்.

படம் எடுக்கிறதைச் சாப்பாட்டுக்கு முதலே முடியுங்கள். பட்டமளிப்பு அங்கி வாடகை என்றால் திருப்பிக் கொடுக்கும் நாளைக் கேட்டு, அதற்கு முன் வீட்டில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மாலை போட்ட படம் சுவரில் இருக்கிற வீடு என்றால் அதற்குப் பக்கத்தில் முதல் படம். கண்ணாடியில் வெளிச்சம் தெறிக்கும், சட்டத்தை ஒரு கதிரையில் இறக்கி வைத்து ஜன்னலுக்குப் பக்கவாட்டாக எடுக்கச் சொல்லுங்கள்.

யாராவது உறை தந்தால் வாங்குங்கள், மறுத்தால் கோபிப்பார்கள். இரவே பெயரையும் தொகையையும் கொப்பியில் எழுதுங்கள், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டியது அது. மிஞ்சிய சோறு கறியைச் சூடு ஆற முதல் அயலுக்குப் பங்கிடுங்கள். வாடகைக் கதிரைகளை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற முதல் நீங்களே நின்று எண்ணுங்கள். கால் உடைந்தது இருந்தால் கடைக்காரர் கண்டுபிடிக்க முதல் நீங்களே சொல்லிவிடுங்கள், அடுத்த பிள்ளைக்கும் அவரிடம்தான் போக வேண்டும்.