மாநிலம் மாறினால் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் என்ன ஆகும்?

அமெரிக்கா முழுவதும் செல்லுபடியாகும் ரியல் எஸ்டேட் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. அந்தந்த மாநிலம்தான் தருகிறது. நியூஜெர்சியில் வாங்கிய டிரைவிங் லைசென்ஸை வைத்துக்கொண்டு டெக்சாஸ் வரை கார் ஓட்டிப் போகலாம். ஆனால் நியூஜெர்சியில் வாங்கிய ரியல் எஸ்டேட் லைசென்ஸை வைத்து டெக்சாஸில் வீடு விற்க முடியாது. துணைவரின் வேலைக்காக அடிக்கடி ஊர் மாறும் ஐடி குடும்பங்கள் இதை முதலிலேயே யோசிப்பது நல்லது.

அதற்கும் முன்னால் விசா. எச்-4இல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசா) வந்தவர்கள் இஏடி, அதாவது வேலை செய்வதற்கான அனுமதி அட்டை, கைக்கு வந்த பிறகே இந்தத் தொழிலில் சம்பாதிக்கலாம். எச்-1பியில் இருப்பவர் வார இறுதியில் வீடு காட்டிக் கமிஷன் வாங்கினால் விசாவுக்கே வினை. கையில் லைசென்ஸ் இருப்பது இதற்குப் பதில் ஆகாது.

நம்மவர்கள் நிறைய இருக்கும் கலிபோர்னியாவும் டெக்சாஸும்தான் இதில் கறார். முதலாவதில் 135 மணி நேரப் படிப்பு, இரண்டாவதில் 180. இரண்டுமே வேறு மாநில லைசென்ஸை அப்படியே ஏற்பதில்லை. டாலஸுக்கு மாற்றல் வரும் என்று வீட்டில் பேச்சு அடிபட்டால், கலிபோர்னியா வகுப்புக்குப் பணம் கட்டுவதைத் தள்ளிப்போடுங்கள்.

புளோரிடா வேறு மாதிரி. ஜார்ஜியா, இல்லினாய், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களோடு அதற்கு ஒப்பந்தம் உண்டு. அங்கே படித்துத் தேர்வெழுதி லைசென்ஸ் வாங்கியவருக்கு 63 மணி நேர வகுப்பு வேண்டாம். புளோரிடா சட்டம் பற்றிய 40 கேள்விகளில் 30 சரியாக இருந்தால் போதும். ஆனால் இது வெளிமாநிலத்தில் வசிப்பவருக்கு மட்டும். ஆர்லாண்டோவில் குடியேறிவிட்டு விண்ணப்பித்தால் சலுகை போச்சு. பெட்டி கட்டுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். பழைய மாநிலத்திலிருந்து லைசென்ஸ் சான்று கேட்பார்கள், கைரேகையும் கொடுக்க வேண்டும்.

ஊர் மாறியதும் பழைய லைசென்ஸைக் காலாவதியாக விடாதீர்கள். அங்கே ஒரு புரோக்கரின் (ஏஜென்ட்டுகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் லைசென்ஸ்காரர்) கீழ் அது உயிரோடு இருந்தால், வீடு தேடும் பழைய நண்பர்களை அந்த ஊர் ஏஜென்ட்டிடம் அனுப்பி ரெஃபரல் கமிஷன் வாங்கலாம். ஏஜென்ட்டின் கமிஷனில் 25 சதவீதம் என்பது பரவலான வழக்கம். பணம் புரோக்கர் வழியாகத்தான் வரும், நேரடியாக அல்ல. நம் ஊரில் பார்ட்டியைக் கூட்டிவந்தவருக்கு ஒரு பங்கு கொடுப்பது சகஜம். இங்கே லைசென்ஸ் இல்லாதவருக்கு அப்படிக் கொடுப்பது பெரும்பாலான மாநிலங்களில் சட்டமீறல், கொடுத்தவரின் லைசென்ஸுக்கே ஆபத்து.