படகு எஞ்சின் மூடியில் இத்துப்போன பலகையை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் குஷன் வேலை செய்கிற எங்களுக்குப் பஸ் சீட்டும் வேன் சீட்டும்தான் அன்றாடப் பிழைப்பு. படகு வேலை எப்போதாவதுதான் வரும். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு மோட்டார் படகின் எஞ்சின் மூடி லாரி பார்சலில் வந்து இறங்கும். மேலே வெள்ளை ரெக்சின் பளிச்சென்று இருக்கும். கையை வைத்து அழுத்தினால் அமுங்கும். கன்னால் அடித்த ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்கி ரெக்சினைப் பிரித்தால், உள்ளே ப்ளைவுட் ஈரக் காப்பித்தூள் மாதிரி உதிரும்.

எஞ்சின் உள்ளேயே பொருத்தப்பட்ட படகுகள் பலவற்றில் இந்த மூடிதான் பின்பக்கத்து இருக்கையும்கூட. ஆட்கள் அதன்மேல் உட்காருவார்கள், ஏறி நடப்பார்கள், ஈரத்துணியைக் காயப்போடுவார்கள். பலகை பலமில்லாவிட்டால் ஆள் காலோடு எஞ்சின் மேல் விழுவார். அதனால் இதைச் சாதாரண சீட் வேலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

“உப்புக்காத்து தின்னுருச்சுண்ணே” என்றுதான் படகுக்காரர்கள் சொல்வார்கள். உப்பு இரும்பைத் தின்னும், சரி. மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. அதற்கு உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் தோது. கடல்நீர் பூஞ்சையை ஓரளவு தடுக்கவே செய்கிறது. மூடியைக் கெடுப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. தையல் ஓட்டை வழியாக இறங்குகிற மழைநீர் ஃபோமில் தங்கி, தார்ப்பாய்க்குள் வாரக்கணக்கில் காற்றில்லாமல் கிடக்கிறது. இது தெரியாமல் பலகையை மட்டும் மாற்றுவதுதான் முதல் தவறு. தண்ணீர் எந்த வழியாக வந்தது, ஏன் வெளியே போகவில்லை என்று பழைய மூடியே சொல்லும். பலகையில் எந்த இடம் அதிகமாகக் கறுத்திருக்கிறது, எந்தப் பின் அதிகமாகத் துருப்பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பிரிப்பதற்கு முன்னாலும் பிரித்த பின்னாலும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஒட்டுவேலை. “இந்த மூலை மட்டும்தான் போயிருக்கு, வெட்டி ஒட்டிருங்க” என்பார்கள். கோணூசியை எடுத்து நல்லதாகத் தெரிகிற இடத்திலும் குத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற கறுப்பைத் தாண்டி ஒரு சாண் தள்ளியும் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். மூடிக்குத் தேவைப்படுவது ஒரு சின்னப் பலகை. அதில் பாதியை மிச்சப்படுத்துவதில் லாபம் இல்லை, முழுசாக மாற்றிவிடுங்கள்.

பழைய பலகையைப் புதிய ப்ளைவுட் மேல் வைத்துக் கோடு போட்டு அறுப்பதும் நம் பழக்கம். வேன் சீட்டுக்கு அது சரி. ஊறி உப்பிய பலகை தன் பழைய அளவில் இருக்காது. மூடியை மட்டும் வாங்கி வேலை செய்தால் படகில் அது எந்தத் திறப்புக்குள், அதாவது வாய்க்குள், உட்காருகிறது என்று தெரியாது. நான் ஒருமுறை அப்படி அறுத்துக் கொடுத்து, ரெக்சின் சுற்றிய பிறகு மூடி வாய்க்குள் இறங்காமல், மதுரையிலிருந்து 110 கிலோமீட்டருக்கு மேல் போய் அங்கேயே பிரித்து இழைத்தேன். படகின் வாய் அளவை நான்கு பக்கமும், மூலைக்கு மூலை குறுக்காகவும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரெக்சினும் ஓரத்து ஃபோமும் மடங்கும் கனத்தைக் கழித்துவிட்டுப் பலகையை அறுக்க வேண்டும்.

இனி பலகை. கடையில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று சொல்லித் தருகிற எல்லாமே இதற்கு ஆகாது. ஐ.எஸ். 303 (ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண்) என்று அச்சடித்த ப்ளைவுட்டில் ஈரத்துக்கு ஓரளவு தாங்கும் ரகமும் உண்டு, வீட்டு அலமாரிக்கான சாதா ரகமும் உண்டு. படகுக்குக் கேட்க வேண்டியது ஐ.எஸ். 710, அதாவது மரைன் ப்ளை. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அதன் பசை விடக்கூடாது என்பது சோதனை. ஆனால் தாங்குவது பசைதான். உள்ளே இருப்பது மரம், அது மரைன் ப்ளையிலும் மக்கும். ‘மரைன் போட்டாச்சு, இனி பூச்சு எதற்கு’ என்று விட்டவர்களின் மூடி திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மரமே வேண்டாம், மாடுலர் கிச்சனுக்குப் போடுகிற பி.வி.சி. போர்டைப் போடலாமே என்று இப்போது பலர் கேட்கிறார்கள். தண்ணீருக்கு அது அசையாது, உண்மைதான். ஆனால் கன் பின்னை அது இறுக்கிப் பிடிக்காது. கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில், நடுவில் ஆள் உட்காருகிற பாரம். அது இளகித் தொய்ந்துவிடும்.

மரத்துக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க எபாக்சி (ரெசினும் ஹார்ட்னரும் கலந்தால் இறுகுகிற பிசின்) பூசுகிற விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மதுரை வெயிலில் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். காலையில் பலகையை வெளியே போட்டு, இதமான நேரம் என்று உடனே பூசுவார்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரப் பார்க்கும். பூச்சு முழுக்கக் குமிழ். ஒவ்வொரு குமிழும் பின்னால் ஒரு ஊசி ஓட்டை, ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வாசல். இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். பகலெல்லாம் பலகை வெயிலில் சூடாகட்டும். சாயங்காலம் நிழலுக்குக் கொண்டுவந்து, சூடு இறங்க ஆரம்பிக்கும்போது முதல் கோட் அடியுங்கள். மரம் ஆற ஆற உள்ளே இருக்கும் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கலக்குவதிலும் கவனம் வேண்டும். ஹார்ட்னர் அளவைத் தயாரிப்பாளர் டப்பாவில் சொன்னபடி தராசில் வைத்துப் பாருங்கள். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் எபாக்சி ஒழுங்காக இறுகாது. குறுகலான டம்ளரில் நிறையக் கலக்கி வைத்தால், சித்திரை, வைகாசி வெக்கையில் அது தானே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். கொஞ்சமாகக் கலக்கி, அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். கையுறையும் மாஸ்க்கும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். தோலில் ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும்.

மூன்று கோட்டாவது வேண்டும். பலகையின் முகத்தைவிட அறுத்த ஓரங்கள்தான் அதிகம் குடிக்கும். அந்த ஓரம் குடித்து நிற்கும்வரை விடாமல் பூசுங்கள். முந்தைய கோட் முழுதாகக் காய்ந்துவிட்டால், மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும். வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்தது.

கீல் போல்ட் ஓட்டைகளைப் பூச்சுக்குப் பிறகு துளைத்தால் எல்லா உழைப்பும் வீண். 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை போட்டு, அதில் பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்சியை நிரப்பி, மறுநாள் நடுவில் 8 மி.மீ. துளையுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இருக்காது.

இப்போது குஷன். பஸ் சீட்டுக்குப் போடுகிற அதே பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோமை இங்கேயும் போடுவது பெரிய தவறு. தான் உறிஞ்சுகிற தண்ணீரை அது பலகைமேல் ஈரப்போர்வை மாதிரிப் பிடித்து வைக்கும். தண்ணீர் குடிக்காத ஈ.வி.ஏ. அல்லது பாலிஎத்திலீன் ஃபோம் அடியில் இருக்கட்டும். மெத்தென்று வேண்டுமென்றால் மேலே மெல்லியதாக பி.யு. ஒரு அடுக்கு போதும்.

பலகையை பாலிதீன் ஷீட்டில் சுற்றிவிடுவதை நல்லெண்ணத்தில் பலர் செய்கிறார்கள். ரெக்சினை இழுத்துப் பின் அடிக்கும்போதே அந்த ஷீட்டில் நூற்றுக்கணக்கான ஓட்டை விழும். உள்ளே வருவதற்கு வழி இருக்கும், வெளியே போக இருக்காது. மூடி இட்லிச் சட்டி ஆகிவிடும். தண்ணீர் எப்படியும் உள்ளே வரத்தான் செய்யும், அது போகவும் காற்று வரவும் பலகையிலேயே வழி வைக்க வேண்டும். மூடி சாய்கிற தாழ்ந்த ஓரத்தில் நாலைந்து ஓட்டைகள் போட்டு, அவற்றின் உள்சுவருக்கும் எபாக்சி பூசிவிடுங்கள். இடம் முக்கியம். எஞ்சினின் காற்று உள்ளிழுக்கும் வாய்க்கும் மின் இணைப்புகளுக்கும் நேர் மேலே ஓட்டை வரக்கூடாது.

தையலையும் இதே கண்ணோடு பாருங்கள். தண்ணீர் தேங்குகிற நடுப்பகுதியில் அழகுக்காகக் குறுக்குத் தையல் போடாதீர்கள். ஒவ்வொரு ஊசிக் குத்தும் ஒரு ஓட்டை. தையல் ஓரத்தில் இறங்கட்டும். பருத்தி நூல் மக்கும், நைலான் வெயிலில் வலுவிழக்கும், வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூல் போடுங்கள். சாதா பின் இரண்டு மழைக்குள் துருவாக வழியும். எவர்சில்வர் பின்னைத் தேடி வாங்குங்கள். 12 மி.மீ. பலகைக்கு 8 மி.மீ. காலுள்ள பின் போதும், மறுபக்கம் துளைக்கக் கூடாது. பின்னை நடுவிலிருந்து ஆரம்பித்து மூலைக்குப் போங்கள்.

பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் இன்னொன்று. மூடியிலோ பெட்டியிலோ இருக்கும் காற்றுத் துவாரங்களை ரெக்சின் மூடிவிடாமல் பாருங்கள். அவை வழியாகத்தான் எஞ்சினுக்குக் காற்றும், தேங்கும் பெட்ரோல் ஆவிக்கு வெளியேற்றமும். அடிப்பக்கம் சத்தத்தைக் குறைக்க ஒட்டியிருந்த தகடு போர்த்திய ஃபோமைக் கிழித்துவிட்டுச் சாதா ஸ்பாஞ்ச் ஒட்டவே கூடாது. அது தீ பிடிக்காத ரகமாக இருந்தாக வேண்டும். பலகையின் கனத்தைக் கூட்டியிருந்தால், மூடியைத் தாங்குகிற கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த தாங்குகம்பி) அந்த எடையைத் தாங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எஞ்சினைக் குனிந்து பார்க்கிறவரின் தலைமேல்தான் அது விழும்.

வேலை முடிந்ததும் உடனே பார்சல் கட்டாதீர்கள். படகில் இருக்கிற அதே சாய்வில் மூடியைச் செங்கல்மேல் வைத்து ஒரு குடம் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். அடி ஓட்டைகளில் எது சொட்டுகிறது, எது சொட்டவில்லை, எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். இன்னும் நசநசவென்று ஈரமாக இருந்தால், அந்த ஓரத்தில் இன்னும் ஒரு ஓட்டை வேண்டும். பின்னைப் பிடுங்கி இப்போதே போட்டுவிடுங்கள்.