மருந்தாளுநர் மருத்துவராக விரும்பினால்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மருந்தாளுநராகப் பணிபுரியும் பி.ஃபார்ம் பட்டதாரி மருத்துவராக விரும்பினால், எம்.பி.பி.எஸ். படிப்பின் இடையாண்டில் சேரும் வழி இந்தியாவில் இல்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நீட் தேர்வில் தேறி முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். படிப்பு நான்கரை ஆண்டுகள், அதன்பின் பயிற்சி மருத்துவராக ஓராண்டு.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பட்டம் எவ்வளவு உயர்ந்ததாயினும், தகுதியை முடிவு செய்வது அந்தப் பட்டியலிலுள்ள இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களே. கணிதப் பிரிவில் படித்து மருந்தியலுக்கு வந்தவர்கள் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேற 2023 முதல் இடமுண்டு. உச்ச வயது வரம்பும் 2022-இல் நீங்கிவிட்டது.

நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்குரியவை. மனித உடலியலிலும் கரிம வேதியியலிலும் பழைய படிப்பு கைகொடுக்கும். தாவரவியலும் இயற்பியலும் பெரும்பாலும் மறந்திருக்கும் என்பதால், வேலை முடிந்து கிடைக்கும் நேரத்தில் பாதியை இயற்பியலுக்கே ஒதுக்குவது நல்லது என்பது என் கருத்து.

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள், கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கான சான்றையும் சேர்க்க வேண்டும். தருமபுரியில் 2008-லும் கிருஷ்ணகிரியில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துள்ளன. எனினும் உள்ளூர்க்காரர் என்பதற்காக அங்கே முன்னுரிமை கிடையாது, தரவரிசைப்படியே இடம் கிடைக்கும்.