கிணற்றடிக் கணக்கு: அன்ரொயிட் செயலியில் கோப்புறையும் கோப்பும்

வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் குறித்துவைக்கக் கோட்லின் நிரல்மொழியில் ஒரு சிறு செயலி எழுதி, முதலில் மாமாவின் கைபேசியில் நிறுவினேன். இரண்டு வாரம் கழித்து, "தம்பி, நானும் எழுதிக்கொண்டுதான் வருகிறேன், ஒன்றையும் காணவில்லையே" என்றார். கோப்பு உருவாகவே இல்லை.

முதலில் இடம். செயலிக்கே உரிய கோப்புறையான 'ஃபைல்ஸ்டிர்' (filesDir) போதும். பயனரிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை; மற்றச் செயலிகள் எட்டிப்பார்க்கவும் முடியாது. செயலியை நீக்கினால் அதுவும் சேர்ந்து அழியும். தற்காலிகக் கோப்புகளுக்கான 'கேஷ்டிர்' (cacheDir) வேண்டாம், இடம் குறைந்தால் அன்ரொயிட் அதைத் துடைத்துவிடும். பொதுச் சேமிப்பிடத்துக்கு 'எஸ்டிகார்ட்' (sdcard) என்று பாதையைக் கையால் எழுதச் சொல்லும் பழைய பாடங்களையும் விட்டுவிடுங்கள். 2019இல் வந்த அன்ரொயிட் 10 முதல் அந்தக் கதவு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

அடுத்து கோப்புறை. எனக்குத் தேவைப்பட்டது 'கிணறுகள்', அதற்குள் ஊர்ப் பெயரில் 'கொக்குவில்'. நான் அழைத்த கட்டளை 'மேக்டிர்' (mkdir). அது கடைசிக் கோப்புறையை மட்டுமே உருவாக்கும். மேலே 'கிணறுகள்' இல்லையென்றால் பிழை எதுவும் காட்டாமல் 'ஃபால்ஸ்' (false, இல்லை) என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். நானோ அந்த விடையைப் பார்க்கவேயில்லை. பிறகு எழுதும்போது எழுந்த பிழையையும் நான் வெறுமையாக விட்டிருந்த, பிழையைப் பிடிக்கும் 'கேட்ச்' (catch) பகுதி விழுங்கிவிட்டது. 'மேக்டிர்ஸ்' (mkdirs) என்று அழைத்தால் இடையிலுள்ளவையும் உருவாகும். ஆனால் கோப்புறை ஏற்கெனவே இருந்தாலும் அதுவும் 'ஃபால்ஸ்'தான் தரும். ஆகவே அழைத்த பின் 'இஸ் டிரெக்டரி' (isDirectory, இது கோப்புறைதானா) என்று கேட்டு, அதன் விடையையே நம்புங்கள்.

கோப்பு எளிது. 'அப்பெண்ட் டெக்ஸ்ட்' (appendText) என்ற கட்டளை, கோப்பு இல்லையென்றால் தானே உருவாக்கி, வரியைக் கடைசியில் சேர்க்கும். 'ரைட் டெக்ஸ்ட்' (writeText) போட்டால் பழையதன் மேல் எழுதி, போன வாரக் கணக்கு போயே போய்விடும்.

எல்லாம் சரிதானா என்று செயலி எழுதும் மென்பொருளான அன்ரொயிட் ஸ்டூடியோவில், கைபேசியின் கோப்புகளைக் காட்டும் 'டிவைஸ் எக்ஸ்புளோரர்' வழியாகப் பார்த்தால், அங்கே இரண்டு 'கொக்குவில்'! மாமா தட்டியது ஒன்று, நான் கணினியிலிருந்து ஒட்டியது மற்றது. யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கோப்பு முறைமைக்கு அவை வேறுவேறு. கோப்பாய் என்ற ஊர்ப் பெயருக்கும் இதே கதிதான். 'நோர்மலைசர்' (Normalizer) என்ற கருவி கொண்டு பெயரை, உயிர்க்குறியை ஒரே குறியீடாக்கும் 'என்எஃப்சி' (NFC) வடிவுக்கு மாற்றிவிட்டுப் பயன்படுத்தலாம். நான் அதற்கும் போகவில்லை. கோப்புறைக்கு எண்ணைப் பெயராக வைத்து, ஊர்ப் பெயரைக் கோப்பின் முதல் வரியில் எழுதிவிட்டேன். எண்ணில் இன்னொரு வசதியும் உண்டு: கோப்பு, கோப்புறைப் பெயருக்கு உள்ள எல்லை 255 பைட். தமிழில் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லுக்கே 33 போய்விடுகிறது.