கையில் எடுக்காத மூலம், கணக்கில் வராத 384: ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் தமிழ் பேசும் ஆய்வு மாணவர்கள் எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். இந்திய அறிவியல் கழகத்தில் உயிரியல் செய்பவர்கள், கல்லூரியில் வணிகவியல் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்பவர்கள், தமிழ் இலக்கியத்தில் பதிவு செய்துகொண்டவர்கள் என்று பலருடைய வரைவுகளைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. துறைகளுக்கிடையே பேச்சே கிடையாது, ஆனால் பெரிய தவறு எல்லாருக்கும் பொது. பாட்டோ, ஆண்டறிக்கையோ, சோதனைத் தரவோ, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருளைத் தானே பார்க்காமல், பார்த்ததாகச் சொல்லும் இன்னொருவரை நம்பி எழுதிவிடுகிறார்கள்.

‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே வாளோடு முன்தோன்றி மூத்த குடி’ என்ற அடிகளைச் சங்க இலக்கியம் என்று எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் கரந்தைப் படலத்தில் வருகிறது. சங்கப் பாடல்களுக்குப் பல நூற்றாண்டு பிந்திய இலக்கண நூல் அது. குடிநிலை என்ற துறைக்கு, அதாவது புறப்பாடல் வகை ஒன்றுக்கு, எடுத்துக்காட்டாக, ஒரு மறக்குடியின் பழமையையும் வீரத்தையும் புகழ்ந்து சொல்லும் வெண்பா. மேடையில் அதைத் தமிழினத்தின் வயதுக்குச் சான்றாகச் சொல்வார்கள், சொல்லட்டும். ஆய்வேட்டில் அப்படி எழுதினால், நூலும் தவறு, காலமும் தவறு, பொருளும் தவறு. முழு வெண்பாவையும் அதற்கு மேலே இருக்கும் துறை விளக்கத்தையும் ஒருமுறை படித்திருந்தால் மூன்றுமே நேர்ந்திருக்காது.

புறநானூறு 192க்கும் இதே கதிதான். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற முதல் அடியை மட்டும் எடுத்து உலக ஒற்றுமை என்று ஒரு இயல் எழுதிவிடுகிறார்கள். கணியன் பூங்குன்றனார் அடுத்த அடியிலேயே தீதும் நன்றும் பிறர்தர வாரா என்கிறார். பிறகு ஆற்று வெள்ளத்தில் போகும் புணைபோல உயிர் முறைவழிப் படும் என்கிறார், பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே என்று முடிக்கிறார். ஊழைப் பற்றிய ஒரு பார்வையிலிருந்து வரும் சமநிலை அது. முதல் அடியின் ஒற்றுமை அந்தப் பார்வையோடு சேர்ந்துதான் நிற்கிறது. மீதி அடிகளை விட்டால் கவிஞர் சொன்னதில் பாதி போய்விடுகிறது.

எந்தப் பதிப்பு என்று குறிக்காமல் விடுவது அடுத்தது. குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல் பதிப்பித்தார், உ.வே.சா. பதிப்பு 1937இல் வந்தது. ஒரு சொல்லை வைத்து வாதம் செய்கிறீர்கள் என்றால், அந்தச் சொல் எல்லாப் பதிப்பிலும் அப்படித்தான் இருக்கிறதா, பாடபேதம் உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பாடல் தேடுவதற்கு நல்லது. மேற்கோளுக்கு அச்சுப் பதிப்பைத் திறங்கள்.

கல்வெட்டை வைத்து எழுதுபவர்களுக்குப் பெங்களூரில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: மூலம் பஸ் போகும் தூரத்தில் நிற்கிறது. டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்த ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று சொல்பவை அவை. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் 1905இல் எபிகிராபியா கர்னாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதியாக வெளியிட்டார். மகத்தான வேலை. ஆனால் நூறாண்டுக்கு மேலாக எல்லாரும் அந்த அச்சுப் பாடத்தையே எடுத்து எழுதினால், அதில் ஒரு எழுத்து தவறியிருந்தாலும் அத்தனை பேரிடமும் தவறும். நிருபதுங்கா சாலையில் இருக்கும் மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பு இப்போது பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வருகிறது. கல்லையும் ஸ்கேனையும் ரைஸ் பாடத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிகிற காலம் இது.

வணிகவியலுக்கு வருவோம். இங்கே எனக்கு ரொம்ப நாளாகவே மனக்குறை உண்டு. வரைவு எதுவானாலும் மாதிரி அளவு 384. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மார்கன் அட்டவணை என்பார்கள். கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணை அது. பத்து லட்சம் பேர் இருக்கும் கூட்டத்துக்கு 384 போதும் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அந்த 384 பேரும் எழுமாற்று முறையில், அதாவது கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து, எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் 95 சதவீத நம்பிக்கை, கூட்டல் கழித்தல் 5 சதவீதப் பிழை என்ற கணக்கு நிற்கும். நீங்கள் செய்தது என்ன? கூகுள் ஃபார்ம் லிங்கை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டீர்கள், நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் நிரப்பினார்கள். 384 வந்ததும் நிறுத்தினீர்கள். அதற்கு அந்த அட்டவணை எந்த உத்தரவாதமும் தராது. நாலாயிரம் பேர் நிரப்பினாலும் தராது.

வசதிக்கேற்ப எடுத்த மாதிரியை வைத்து ஆய்வு செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படி எடுத்தேன் என்று எழுதுங்கள், ‘பெங்களூர் ஐடி ஊழியர்கள் இப்படி நினைக்கிறார்கள்’ என்ற முடிவை மட்டும் எழுதாதீர்கள். கிரான்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் வந்தது என்பதும் இதைக் காப்பாற்றாது. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டுமே அது சொல்லும், சரியான ஆட்களிடம் கேட்டீர்களா என்பது அதற்குத் தெரியாது.

கணக்கியல் கோட்பாட்டை முதன்மையாக எடுப்பவர்களிடம் வேறொரு பழக்கம். இரண்டாம் இயலில் ஜென்சன், மெக்லிங் 1976 என்று ஏஜென்சி கோட்பாட்டை, அதாவது முதலாளிக்கும் அவருக்காக நிறுவனத்தை நடத்தும் மேலாளருக்கும் இடையிலான நலன் மோதலை, விரிவாக எழுதுவார்கள். வாட்ஸ், சிம்மர்மேன் 1978 என்று இன்னொரு பக்கம் போகும். நாலாம் இயலில் தரவைப் பார்க்கும்போது அந்தப் பெயர்கள் திரும்ப வரவே வராது. அந்தக் கோட்பாடு சரியென்றால் உங்கள் தரவில் எது நடக்க வேண்டும், தவறென்றால் எது நடக்கும் என்று ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் அந்த இயலை எடுத்துவிடலாம்.

எண்களை எடுக்கும் இடத்தில் நடப்பது இன்னும் ஆபத்து. பெரிய நிறுவனங்கள் 2016 ஏப்ரல் முதல் இந்த்-ஏஎஸ் என்ற புதிய இந்தியக் கணக்கியல் தரநிலைகளுக்கு மாறின, மற்ற பட்டியலிட்ட நிறுவனங்கள் 2017 ஏப்ரலில். குத்தகைக்கான இந்த்-ஏஎஸ் 116, 2019 ஏப்ரலில் வந்தது. அதுவரை வாடகைச் செலவாக மட்டும் இருந்தது, அன்றிலிருந்து பேலன்ஸ் ஷீட்டில் கடப்பாடாக ஏறியது. விமான நிறுவனத்தையோ வாடகைக் கடைகளில் நடக்கும் சில்லறை வணிகத்தையோ எடுத்து 2014 முதல் 2022 வரை கடன் விகிதம் வரைந்தால், 2020 மார்ச்சில் முடியும் ஆண்டில் திடீரென்று ஏறும். நிறுவனம் கடன் வாங்கிக் குவித்தது என்று எழுதிய வரைவை நான் படித்திருக்கிறேன். மாறியது கணக்கு எழுதும் முறை. ஆண்டறிக்கையில் கணக்கியல் கொள்கைகள் பற்றிய குறிப்பைப் புரட்டினால் விஷயம் அங்கேயே இருக்கும். டேட்டாபேஸிலிருந்து நேரே எக்ஸலுக்கு இறக்கும்போது அந்தக் குறிப்பு கூட வராது. தனிக் கணக்கா ஒருங்கிணைந்த கணக்கா, கோடியா மில்லியனா, 2019 என்றால் மார்ச்சில் முடிந்ததா தொடங்கியதா என்பதையும் அதே மூச்சில் பாருங்கள்.

ஒரு நிறுவனம் திவாலாகுமா என்று கணிக்கும் ஆல்ட்மன் இசட் ஸ்கோரும் இப்படித்தான். 1968இல் ஆல்ட்மன் அதை உருவாக்கியது 66 அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களை வைத்து, 33 திவாலானவை, 33 ஆகாதவை. அதே குணகங்களை இந்திய வங்கிகளுக்குப் போட்டு ‘ஆபத்து மண்டலம்’ என்று எழுதுகிறார்கள். நடைமுறை மூலதனம், விற்பனை இதெல்லாம் வங்கியில் அந்த அர்த்தத்திலேயே இல்லை. மூலக் கட்டுரையைப் படித்தவர் இதைச் செய்ய மாட்டார்.

அறிவியலில் எண்ணிக்கைதான் அதிகம் ஏமாற்றுகிறது. பெல்லந்தூர் ஏரியில் ஒரே கரையிலிருந்து பத்து பாட்டில் தண்ணீர் எடுத்து, இன்னொரு ஏரியிலிருந்து பத்து எடுத்து, ‘கழிவுநீர் கலக்கும் ஏரிகள், கலக்காத ஏரிகள்’ என்று ஒப்பிட்டால், மாதிரி அளவு பக்கத்துக்குப் பத்து என்று தோன்றும். உண்மையில் ஒன்றுதான், ஏனென்றால் ஒப்பிடப்படுவது ஏரி, பாட்டில் அல்ல. ஹர்ல்பர்ட் 1984இல் சூழலியலாளர்களுக்கு இதைப் போலி மறுபதிவு என்று விளக்கிச் சொன்னார். ஆய்வகத்திலும் இது உண்டு: ஒரே ஈற்றில் பிறந்த எலிகளைத் தனித்தனி உயிர்களாக எண்ணுவது, ஒரே செல் வளர்ப்பை மூன்று முறை அளந்து மூன்று சோதனை என்பது. முடிவு தற்செயலாக இருக்க முடியாது என்று காட்டப் பயன்படுத்தும் பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்துவிடும், கண்டுபிடிப்பு மட்டும் இருக்காது.

தரவுக் கோப்பையும் கண்ணால் பாருங்கள். மரபணுப் பெயர்களை எக்ஸல் தேதியாக மாற்றிவிடும் சிக்கல் எவ்வளவு பரவியிருந்தது என்றால், 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே விதியைத் திருத்தி செப்ட்1 என்பதைச் செப்டின்1 என்று மாற்றியது. பொருளாதாரத்தில் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010இல் எழுதிய கட்டுரையின் எக்ஸல் ஷீட்டில் சில நாடுகள் சூத்திரத்தின் வரம்புக்குள் வரவில்லை. 2013இல் அந்தக் கோப்பையே வாங்கித் திறந்து பார்த்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர்தான் அதைப் பிடித்தார். உங்களுக்கும் கேட்கும் உரிமை உண்டு. ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டுத் தரவு கேளுங்கள்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை மேற்கோள் காட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்த வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை லான்செட் 2010இல் திரும்பப் பெற்றது. பழைய பிடிஎஃப்பில் அது தெரியாது. ஸோடெரோ போன்ற மென்பொருளில் மேற்கோள்களைச் சேர்த்து வைத்தால், திரும்பப் பெறப்பட்டவற்றுக்கு அதுவே எச்சரிக்கை காட்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் மேற்கோள் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கொடுக்கும். சங்கப் பாடல் கேட்டாலும் அதே நடையில் புதிதாகக் கட்டித் தரும்.

ஆய்வேட்டில் எவ்வளவு பகுதி பிற எழுத்தோடு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கையைப் பற்றிய தப்பெண்ணம் ஒன்றும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது, 60க்கு மேல் பதிவே ரத்து. இதைப் பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியாகப் படிக்கிறார்கள். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் எழுதிவிட்டால் மென்பொருளுக்குப் பெரும்பாலும் தெரியாது, யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவில் அடித்தாலும் தெரியாது. அறிக்கை பூஜ்யம் காட்டும். களவு களவாகவே இருக்கும், அந்தத் துறையைப் படித்த தேர்வாளர் வைவாவில் கண்டுபிடிப்பார்.

கடைசியாக இதழ்கள். ஆய்வேடு கொடுப்பதற்கு முன் இதழில் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளில் நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி கேரும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது, ஆகவே ‘யுஜிசி அங்கீகாரம் பெற்ற இதழ், மூன்று நாளில் வெளியீடு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீர்கள். ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லும் இரண்டு பேராசிரியர்களின் பல்கலைக்கழகப் பக்கங்களைத் திறங்கள். அந்த இதழைப் பற்றி அவர்கள் ஒன்றும் குறிப்பிடவில்லை என்றால், அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். அப்புறம் கட்டுரையை அனுப்பலாம்.