பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து மாட்டுவது எப்படி?

முன் பிரேக்கைப் பிடித்தால் லீவர் ஹேண்டில் வரை வந்துவிடுகிறதா? லீவர் பக்கத்து ரப்பர் பூட்டில் (உறையில்) ஈரம் தெரிகிறதா? பெரும்பாலும், லீவரைப் பிடித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்திருக்கும். சிலிண்டரின் உட்சுவர் நன்றாக இருந்தால் ரிப்பேர் கிட் போதும், முழுசாக மாற்ற வேண்டாம்.

பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். முதலில் டேங்கை ஈரத் துணியால் மூடுங்கள். தெறித்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சக்கரத்தருகே இருக்கும் கேலிப்பரின் நிப்பிளில் (ஆயிலும் காற்றும் வெளியேறும் முனையில்) டியூப் மாட்டி, ஸ்பானரால் திறந்து, லீவரை அடித்துப் பழைய ஆயிலை வெளியேற்றுங்கள். ஆயில் டப்பா மூடியின் ஸ்க்ரூக்கள் எளிதில் மழுங்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருகுங்கள். அப்புறம் பிரேக் குழாயை இணைக்கும் ஹோஸ் போல்ட், லீவர், ரப்பர் பூட் ஆகியவற்றைக் கழற்றுங்கள். உள்ளே பிஸ்டனைப் பிடித்து வைக்கும் வளையமான சர்க்கிளிப் இருக்கும். நீள மூக்குள்ள சர்க்கிளிப் பிளையர் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள். பிஸ்டனை லேசாக உள்ளே அழுத்திக்கொண்டு எடுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங் எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிடும். கழற்றிய வரிசையில் அடுக்கி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிட் வாங்கப் போகும்போது பழைய பிஸ்டனையும் எடுத்துப் போங்கள். "இதுவும் சேரும்ணே" என்று கடையில் சொன்னாலும் அளவை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

இனி முக்கியமான இடம். டப்பாவின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. பெரியது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று ஊசிமுனை அளவுதான். அழுக்கு மூடியிருந்தால் அது இருப்பதே தெரியாது. சூட்டில் விரியும் ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். அது அடைத்தால், கொஞ்ச தூரம் ஓடியதும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கோலாலம்பூர் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். மாற்றாமல் விட்ட ஆயில் கெட்டு, அங்கே படிந்து இறுகிவிடும். மின்கம்பியிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையைப் பிரித்து மெல்ல நுழையுங்கள். டிரில் வேண்டவே வேண்டாம்.

சிலிண்டரைச் சுத்தமான பிரேக் ஆயிலால் கழுவி, உட்சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். குழியோ கீறலோ இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை. மணல்தாள் போட்டுத் தேய்க்கும் போர்மேன்களும் (மெக்கானிக்குகளும்) உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புதிய கப்பைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து மாட்டுங்கள். இஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ பட்டால் ரப்பர் ஊதிவிடும். முன் கப்பின் குழிந்த பக்கம் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். உள்ளே தள்ளும்போது விளிம்பு மடங்காமல் மெல்லச் சுழற்றுங்கள். சர்க்கிளிப் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். ஹோஸ் போல்ட்டின் இரு பக்கமும் புது செம்பு வாஷர்.

டப்பா மூடியில் எந்த டாட் எண் (பிரேக் ஆயிலின் தர எண்) எழுதியிருக்கிறதோ அதே ஆயிலை ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, அதைக் கலக்காதீர்கள். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு வரம்பு 155தான். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

காற்றை எடுக்க முதலில் லீவரைச் சின்னச் சின்னதாக அசையுங்கள். அந்தச் சின்னத் துளையில் குமிழ்கள் வரும். அப்புறம் லீவரைப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, பிறகு விடுங்கள். குமிழ் நிற்கும்வரை இதுதான். டப்பா மட்டும் காலியாகக் கூடாது.

லீவரை ஒரு நிமிடம் இறுகப் பிடித்துக் கசிவு பாருங்கள். விட்டதும் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். சரியென்றால், தாமான் (குடியிருப்பு) சாலையிலேயே மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். மெயின் ரோடு அப்புறம்.