வால்வு ஆம்ப்ளிபயருக்குப் பவர் ட்ரான்ஸ்பார்மர்: கணக்கு தப்பும் இடங்கள்

வீட்டில் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிபயர் கட்டுகிறவர்கள் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மருக்காக மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பவர் ட்ரான்ஸ்பார்மருக்கு மட்டும் அவசரமாக ஒரு பெருக்கல் போட்டு வைண்டிங் கடைக்குச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அந்தப் பெருக்கலிலேயே தப்பு இருக்கும்.

இரண்டு இஎல்84 (அவுட்புட் வால்வு), ஒரு இசிசி83 (முன்நிலை வால்வு) வைத்த, பக்கத்துக்கு ஒரே அவுட்புட் வால்வு கொண்ட சிறிய சிங்கிள் எண்டட் ஸ்டீரியோ செட்டை எடுத்துக்கொள்வோம். டேட்டாஷீட்படி 250 வோல்ட்டில் ஒரு இஎல்84 பிளேட்டில் 48 மில்லியாம்பியரும் ஸ்கிரீனில் 5.5 மில்லியாம்பியரும் இழுக்கும். இரண்டுக்கும் 107, இசிசி83க்கு ஓரிரண்டு. 110 என்று வைத்துக்கொள்ளலாம். கேத்தோடு ரெசிஸ்டர், அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர், சோக் (டிசியைச் சீராக்கும் காயில்) ஆகியவற்றில் விழும் வோல்ட்டேஜையும் சேர்த்தால் ரெக்டிபயருக்கு அடுத்த முதல் கெபாசிட்டரில் சுமார் 285 வோல்ட் வேண்டும். ஆக 31 வாட். ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டில் 1.82 ஆம்பியர், அதாவது 11.5 வாட். மொத்தம் 43. சரி, 50 விஏ (வோல்ட், ஆம்பியர் பெருக்கல், ட்ரான்ஸ்பார்மர் தாங்கும் அளவு) தாராளம் என்று தோன்றும்.

தாராளம் இல்லை. டையோடுக்குப் பின்னால் கெபாசிட்டர் இருந்தால், வைண்டிங்கிலிருந்து கரண்ட் சீராக வராது. ஒவ்வொரு 10 மில்லிசெகண்டிலும் அலையின் உச்சியில் இரண்டு மூன்று மில்லிசெகண்ட் மட்டும் பலமாகப் பாயும், மற்ற நேரம் சும்மா இருக்கும். சராசரி 110 மில்லியாம்பியர்தான். ஆனால் கம்பியைச் சூடாக்குவது சராசரி அல்ல, ஆர்எம்எஸ், அதாவது வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம். நான்கு டையோடு கொண்ட பிரிட்ஜ் ரெக்டிபயரில் அது டிசி கரண்டைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு இருக்கும். 1.6 என்றே எடுத்தாலும் 176 மில்லியாம்பியர். 110க்குச் சுற்றிய கம்பியில் அது ஓடினால், கரண்டின் வர்க்கக் கணக்கில் சூடு இரண்டரை மடங்கு. 220 வோல்ட் செகண்டரிக்கு இதுவே 39 விஏ ஆகிறது. ஹீட்டரைச் சேர்த்தால் 50 முழுதாகத் தீர்ந்துவிடும், மூடிய பெட்டிக்குள் நம் ஊர் வெயிலுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. 70, 80 விஏ கோர்தான் சரி.

பழைய சர்க்யூட்டைப் பார்த்துக் கட்டுகிறவர்களுக்கு இங்கே இன்னொரு பொறி. நடுவில் இணைப்பு எடுத்த சென்டர் டேப் வைண்டிங்கில் இரண்டு பாதிகளும் மாறி மாறி வேலை செய்வதால், டிசி கரண்ட் அளவுக்கே ரேட்டிங் இருந்தால் ஏறக்குறைய போதும். வால்வு ரெக்டிபயரை எடுத்துவிட்டு ஒற்றை வைண்டிங்கும் பிரிட்ஜும் போடும்போது அந்தப் பழைய எண்ணையே கொடுத்தால், ட்ரான்ஸ்பார்மர் கை வைக்க முடியாதபடி சுடும். ரெக்டிபயருக்கு அடுத்து நேராக சோக் வரும் சோக் இன்புட் கதை வேறு. அதில் ஏசி வோல்ட்டேஜில் 0.9 பங்குதான் டிசியாகக் கிடைக்கும், 220க்கு 198. கெபாசிட்டருக்கு அப்புறம் வரும் சோக்கை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பயந்துபோய் எல்லாவற்றையும் கூட்டி வாங்குவதும் தப்புதான். கம்பி தடிமனாக இருக்கலாம், வோல்ட்டேஜ் கூடக் கூடாது. இஎல்84 பிளேட்டின் வரம்பு 12 வாட். 250 வோல்ட், 48 மில்லியாம்பியர் என்றாலே வரம்பைத் தொட்டாயிற்று. 20 வோல்ட் கூடுதலாகப் போனால் வால்வின் ஆயுள் குறையும். ஹீட்டரும் அப்படித்தான்: 220 வோல்ட்டுக்குச் சுற்றிய பிரைமரியில் இரவு நேரத்து 245 வோல்ட் ஏறினால், 6.3 என்பது 7 வோல்ட் ஆகிவிடும். பிரைமரியில் 230, 240 என இரண்டு டேப் கேட்பது பெரிய செலவில்லை.

சிலிக்கான் டையோடு போட்டால் வால்வுகள் சூடாகும்வரை லோடே இல்லை. 220 வோல்ட்டின் உச்சி 311. லோடு இல்லாததால் ஏறும் 8 சதவீதத்தையும் 245 வோல்ட் மெயின்ஸையும் சேர்த்தால் 358. மலிவாகக் கிடைக்கிறது என்று 350 வோல்ட் கெபாசிட்டரை வைக்காதீர்கள், 450 வையுங்கள்.

வால்வு ரெக்டிபயர்தான் வேண்டும் என்றால் அதன் ஹீட்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இஇசட்81 எடுக்கும் 1 ஆம்பியர் அதே 6.3 வோல்ட் வைண்டிங்கிலிருந்து வரலாம். ஜிஇசட்34க்குத் தனியாக 5 வோல்ட், 1.9 ஆம்பியர் வைண்டிங் வேண்டும், ஏனென்றால் அதன் கேத்தோடும் ஹீட்டரும் உள்ளேயே இணைந்திருக்கும். முதல் கெபாசிட்டர் முன்னதற்கு 50, பின்னதற்கு 60 மைக்ரோபாரடுக்கு மேல் போகக்கூடாது.

அமெரிக்காவிலிருந்து வரும் 60 ஹெர்ட்ஸ் ட்ரான்ஸ்பார்மரை ஸ்டெப் டவுன் வழியாக ஓட்டுவதும் நல்லதல்ல. வோல்ட்டேஜ் சரியாக இருந்தாலும் 50 ஹெர்ட்ஸில் கோரில் ப்ளக்ஸ் (காந்தப் பாயம்) 20 சதவீதம் கூடும். உறுமலும் சூடும் அங்கிருந்துதான்.

கடைக்காரரிடம் வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: பிரைமரி 0–230–240, 50 ஹெர்ட்ஸ், செகண்டரி 220 வோல்ட், 200 மில்லியாம்பியர் ஏசி ஆர்எம்எஸ், பிரிட்ஜுக்கு, 6.3 வோல்ட் 2.5 ஆம்பியர், சென்டர் டேப்போடு. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே ஷீல்டு. ‘ஏசி ஆர்எம்எஸ்’ என்ற இரண்டு சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். இல்லையென்றால் அவர் அதை டிசி என்று எடுத்துக்கொண்டு தம் வழக்கப்படி கம்பியைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்.